காதுக்குள் நின்ற சுருதி

என்னிடம் பேச வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே வந்து நின்று, உதட்டைக் கொஞ்சம் பெரிதாக அசைத்துப் பேச வேண்டும். திருவொற்றியூர்க் குப்பத்து ஜனங்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் சங்கடம். நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்தவன் என்று என்னைக் காட்டிச் சொன்னால், கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததையும், வாயால் சொல்ல வராததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நெஞ்சு வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் யாராவது படித்தால், ஒரே ஒரு விஷயத்தில் என்னைப் போல இருக்க வேண்டாம். அது என்னவென்று வரும் இடத்தில் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு, கன்னியப்பன். எங்கள் நாடகங்களில் ராஜபார்ட் வேஷம் கட்டியவன். எனக்கு வந்த நோய் பிறகு அவனுக்கும் வந்தது. என்னைப் பிழைக்க வைத்த ஊசியைத் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். ஏன் என்று டாக்டர் கேட்டதற்கு, என் பெயரைச் சொல்லி, அவனைப் பார்த்தால் தெரியாதா என்றானாம்.

நாடகத்தைப் பார்க்கிறவர்களுக்குப் படுதாவுக்கு இந்தப் பக்கம்தான் தெரியும். அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஓலைத் தட்டி கட்டிய அறை ஒன்று. அதில் ஒரே கண்ணாடி. எமதருமன் மீசை வரைந்து முடிக்கும்வரை சாவித்திரி பீடி பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். சாவித்திரிக்குத் தாடி சிரைத்த இடம் பச்சையாக இருக்கும்; அதன்மேல் அரிதாரம் குழைத்து அப்ப வேண்டும். எண்ணூரில் ஒரு திருவிழா, காஞ்சிபுரத்தில் ஒன்று, அங்கிருந்து லாரியில் வேலூர். சுருட்டிய படுதாவின் மேலேயே படுத்துத் தூங்குவோம். காலையில் எழுந்தால் முதுகில் அரண்மனை நீலம் ஒட்டியிருக்கும்.

மைக் இல்லாத நாடகங்கள்தான் அதிகம். சுருதியை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஒரு கட்டை என்றால் தாழ்ந்த குரல், ஏற ஏற உச்சம். கடற்கரையில் காற்றுக்கு எதிராகப் பாடிக் கடைசி வரிசை மணலில் குந்தியிருக்கும் கிழவிக்குக் கேட்க வேண்டுமென்றால் ஐந்து கட்டைக்குக் குறைந்து பிரயோசனமில்லை. கன்னியப்பன் பிறவியிலேயே ஐந்து கட்டைக்காரன். மேடையேறுமுன் கிரீடத்தோடு உட்கார்ந்து என் சம்சாரம் தேசம்மா கொண்டுவந்த நெத்திலி வறுவலை ஒரு கை பார்ப்பான். அவள், "அண்ணே, தொண்ட கட்டிக்கப் போவுது" என்பாள். "மீனு துன்றவன் தொண்ட கட்டாது தங்கச்சி, மீனு எங்கியாவது இருமிக்கினு பாத்துகிறியா?" என்பான்.

இருமினது நான்தான். ஆர்மோனியப் பெட்டிக்காரனுடைய இடம் மேடையின் ஓரம், பலகைக்கு வெகு அருகில். மேலே ஆட்டம் போட்டால் கிளம்பும் தூசியெல்லாம் நம் மூக்கில்தான் இறங்கும். அதனால் தூசி என்று நினைத்தேன். பிறகு அரிதாரம் என்று நினைத்தேன். காலால் மிதித்துக் காற்றுக் கொடுக்கிற பெரிய பெட்டி என்னுடையது. ஒரு நாடகத்தில் பாட்டு நடுவில் என் கால் தளர்ந்து பெட்டி முனகிவிட்டது. கன்னியப்பன் வசனம் பேசுகிற சாக்கில் என் பக்கம் வந்து குனிந்து, "நைனா, இருமல் ஒனுக்கா, பொட்டிக்கா?" என்றான். ஜனங்கள் அதையும் நாடகம் என்று நினைத்துச் சிரித்தார்கள். மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான்.

நோயாளிகள் காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தால் ஊர்ப்பட்ட பேச்சும் காதில் விழும். எனக்கு ஜனங்கள் பேச்சென்றால் உயிர். ஒரு கூடைக்காரம்மா தன் புருஷனைக் காட்டி, "இந்தாளு இருமுனா எங்க வூட்டு ஓடு ஒண்ணு கீழ விழுது, மழைக்கு முன்னாடி இவர சரி பண்ணணும்" என்றாள். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது.

சட்டையைக் கழற்றச் சொல்லிச் சில்லென்ற தகட்டில் நெஞ்சை அழுத்தி வைத்து, மூச்சை இழுத்து நிறுத்து என்றார்கள். அதுதான் எக்ஸ்ரே. சளியை ஒரு மூடி போட்ட டப்பாவில் துப்பித் தரச் சொன்னார்கள். அதில் கிருமி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். இரண்டும் வந்தபிறகு டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். நுரையீரலின் மேல்பாகத்தில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை. அதன் நடுவில் ஒரு கறுப்பு வட்டம்.

"இது காசநோய். கிருமி உள்ளே உட்கார்ந்து நுரையீரலில் பொந்து செய்திருக்கிறது. இங்கேயே தங்க வேண்டும்" என்றார்.

தேசம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பொந்துன்னா அடைச்சுடலாமா சார்?" என்றாள். படகில் ஓட்டை விழுந்தால் அடைக்கிற ஜாதி நாங்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அடைக்கப் பார்ப்போம் அம்மா என்றார்.

முதலில் அடைக்கப் பார்த்தது காற்றால். விலாவுக்கு நடுவே பெரிய ஊசியைச் செருகி, நுரையீரலுக்கு வெளியே காற்றை ஏற்றுவார்கள். நோய் கண்ட நுரையீரல் சுருங்கி, வேலை செய்யாமல் ஓய்வெடுக்கும். ஓய்வெடுத்தால் புண் ஆறும் என்று கணக்கு. வார்டில் அதற்குப் பெயர் காத்து ஊசி. பக்கத்துக் கட்டிலில் ராயபுரத்து அந்தோணி. துறைமுகத்தில் கரி இறக்கினவர். "ஆயுசுக்கும் பொட்டிக்குக் காத்து அடிச்சியே, இப்ப ஒனுக்கு அடிக்கிறாங்க, பில்லு சரியாப் போச்சு" என்பார். எனக்கு அந்த ஊசி பலிக்கவில்லை. உள்ளே ஒட்டிக்கொண்டிருந்ததால் நுரையீரல் சுருங்க மறுத்தது.

அப்புறம்தான் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைப் பற்றி டாக்டர் சொன்னார். சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைத் தூள். அப்போது அது கிடைப்பதே அரிது. வெளியிலிருந்து நாங்களே பெரும் விலை கொடுத்து வாங்கித்தான் வர வேண்டும். தேசம்மா மீன் கூடையோடு அன்றைக்கு வெகுநேரம் என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

கன்னியப்பன் எனக்காக ஒரு நாடகம் போட்டான். யாரும் சம்பளம் வாங்கவில்லை. நடுவில் படுதாவை இறக்கிவிட்டு, கிரீடமும் ஜரிகை அங்கியுமாக அவன் கீழே இறங்கிவந்து மணலில் நடந்தானாம், கையில் துண்டை ஏந்திக்கொண்டு. "ராசா பிச்ச எடுக்குறாரு பாருங்கடி" என்று ஒரு பெண் கேலி செய்ய, அவன், "ராசாவுக்கு இல்ல தாயி, ராசாவோட தோஸ்துக்கு" என்றானாம். கேலி செய்தவளே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள் என்று தேசம்மா சொன்னாள். அந்தத் துண்டில் விழுந்ததுதான் என் மருந்து.

காலையும் மாலையும் ஊசி. உட்காரும் இடமெல்லாம் கல்லுக் கட்டிவிடும். ஆனால் ஜுரம் இறங்கியது. பசி எடுத்தது. குப்பத்திலிருந்து யாராவது ஒருவர் தினமும் எதையாவது கொடுத்தனுப்புவார்கள். சுறாப்புட்டு வந்தால் அந்தோணிக்குத்தான் பாதி.

இரவு வார்டு கொஞ்சம் அடங்கினதும் எனக்கு ஒன்று கேட்க ஆரம்பித்தது. இதுதான் முதலில் சொல்ல வந்த விஷயம். ரீங் என்று ஒரு நாதம். ஏறாமல் இறங்காமல், பெட்டியில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்த மாதிரி நிற்கும். மூடின காதுக்குள்ளும் கேட்கும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெட்டியைத் தொட்டு மாதக் கணக்கில் ஆகியும் சுருதி என்னை விட்டுப் போகவில்லை, தானாக வந்து காதில் நிற்கிறது என்று நினைத்தேன். அதன்மேல் மெதுவாகப் பாட்டுகளை ஓட்டிப் பார்ப்பேன். போர்வைமேல் விரல் வைத்து வாசிப்பேன். ஆஸ்பத்திரியில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான்.

அந்தோணியிடம் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். "அத்த டாக்டராண்ட சொல்லிட்டியா?"

"இத்த போயி டாக்டராண்ட இன்னாத்துக்கு? நோவு சமாசாரம்னா அவராண்ட சொல்லணும். இது தொழில் சமாசாரம்."

"காதுல சத்தம் வந்தா தொழிலா? எனுக்குக் கப்பல் சங்கு கேக்குதே, நான் இன்னா கேப்டனா?"

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் நடந்தால் தள்ளாடியது. கழிப்பறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்தோணி, "கட்டுமரத்துல நின்ன காலு, தரை புடிக்கல" என்றார். நானும் அப்படியே நம்பினேன், படுத்துக் கிடந்த பலவீனம் என்று. ஒரு நாள் காலை ஜன்னல் கம்பியில் இரண்டு சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்தன. அலகைத் திறந்தன, மூடின, திறந்தன. சத்தமே இல்லை. சுருதி மட்டும் காதுக்குள் நின்றது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. இந்தக் குருவிக்கு என்ன, தொண்டை கட்டிவிட்டதா என்றுதான் பார்த்தேன்.

சிஸ்டர் கூப்பிட்டு நான் திரும்பாமல் போகவே அவர்களாகத்தான் டாக்டரை அழைத்துவந்தார்கள். டாக்டர் கையில் சுருதிக் கவை. வீணைக்காரர்கள் சிலர் வைத்திருப்பார்கள், இரண்டு கால் உள்ள இரும்பு. முழங்காலில் தட்டி என் காதருகே பிடித்தார். அதன் கால்கள் அதிர்கிறது கண்ணுக்குத் தெரிந்தது. எத்தனையோ பெட்டிக்குச் சுருதி சேர்த்தவன் நான். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

டாக்டர் காதுக்குப் பக்கத்தில் வந்து உரக்கக் கேட்டார்: "சத்தம் எப்போதிலிருந்து?"

"ரொம்ப நாளா கீது சார்."

"ஏனப்பா சொல்லவில்லை?"

"நல்லா இருந்திச்சு சார்."

அவர் என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மருந்து சில பேருக்குக் காது நரம்பைத் தின்னும்; முதலில் இரைச்சல் வரும், அப்போதே சொன்னால் மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்க்கலாம் என்று பிறகு தேசம்மாவிடம் விளக்கியிருக்கிறார். அன்றைக்கே ஊசியை நிறுத்தினார். நெஞ்சுப் பொந்து மூடியிருந்தது. காது மட்டும் நாளுக்கு நாள் போய்க்கொண்டே இருந்து, நான் வீட்டுக்கு வரும்போது முழுசாகப் போயிருந்தது. அந்த ரீங்காரமும் ஒரு நாள் நின்றது. அன்றைக்குத்தான் நான் அழுதேன். ஆகையால் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஊசி போடும்போது காதில் எந்தச் சத்தம் கேட்டாலும், அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பெட்டியைத் திறந்து ஒரு முறை மிதித்துப் பார்த்தேன். விரலுக்கு எல்லாம் நினைவிருந்தது. தேசம்மா அடுப்பண்டை அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் நன்றாக வாசித்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். பிறகு திறக்கவில்லை. வலை பின்னக் கற்றுக்கொண்டேன்.

சில வருஷம் கழித்துக் கன்னியப்பன் படுத்தான். அதே ஆஸ்பத்திரி. அந்தோணி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். கன்னியப்பனைக் கட்டிலில் பார்த்தபோது எனக்கு ஆளே தெரியவில்லை. ராஜபார்ட்டின் தோள் இரண்டும் துணி காயப்போட்ட கொம்பு மாதிரி இருந்தது. டாக்டர் ஊசி என்றதும் அவன் மாட்டேன் என்றான். இப்போது புதிய மாத்திரைகள் வந்திருக்கின்றன, ஊசி அத்தனை அடிக்கடி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் தலையை ஆட்டினான். தேசம்மா கெஞ்சினாள். அவள் வீட்டுக்கு வந்து அவன் பேச்சை எனக்கு உதட்டால் சொன்னாள்: "பாடுறது என் காதுல வியணும் தங்கச்சி. வியாத பாட்ட யாருக்குப் பாடுறது? நைனாவப் பாத்தப்புறம் எனுக்குத் தைரியம் இல்ல."

டோல்கேட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் அவளிடம் என் யோசனையைச் சொன்னேன். எனக்குக் காது கொஞ்சம் திரும்பிவிட்டது என்று அவனிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

"பொய் சொல்லி ஊசி போட வெக்கணுமா?" என்றாள்.

"மெய்ய சொல்லி சாவ வெக்கணுமா?"

என் குரல் எவ்வளவு உரக்க வந்ததோ, பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "நான் இன்னா பண்ணணும்?" என்று கேட்டாள்.

அவன் என்னைச் சோதிப்பான் என்று தெரியும். எங்கள் நாடகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ராஜபார்ட் மேடைக்கு வருமுன்னே படுதாவுக்குப் பின்னால் நின்று பாட ஆரம்பித்துவிடுவான். பெட்டிக்காரனுக்கு அவன் முகம் தெரியாது. எந்தக் கட்டை என்றும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். குரல் வந்த கணத்தில் காதால் கட்டையைப் பிடித்துச் சேர்ந்துகொள்ள வேண்டும். பிடிக்கத் தவறினவனுக்கு அடுத்த நாடகம் கிடையாது.

நான் போய்க் காது திரும்பிவிட்டதைச் சொன்னேன். கன்னியப்பன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு ஆஸ்பத்திரிப் போர்வையை இழுத்துத் தலைக்குமேல் மூடிக்கொண்டான். உதடு தெரியாது. தேசம்மா என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் ஆரம்பித்ததும் அவள் விரல் என் முதுகில் பட்டது. நான் வாய் திறந்து அவனுடைய சுருதியை எடுத்தேன். எத்தனை வருஷம் கேட்ட குரல். பிசகவே பிசகாது என்று எனக்குத் தெரியும். மூச்சு இருக்கிற மட்டும் நிறுத்திக் காட்டினேன். வார்டு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

போர்வை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக இறங்கியது. அவன் கண்ணில் தண்ணீர். அவன் உதடு நடுங்கினதால் எனக்குப் படிக்க வரவில்லை. தேசம்மா முன்னால் வந்து திருப்பிச் சொன்னாள்.

"நான் பாடுனது ரெண்டு கட்டகூட இல்ல நைனா. எனுக்கு இப்ப அவ்ளோதான் வர்து. நீ அஞ்சுல புடிச்சிக்கினு கீற."

நான் தலை குனிந்துகொண்டேன். நோயாளியின் குரல் இறங்கியிருக்கும் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. கன்னியப்பன் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினான், உதட்டைப் பார்க்கச் சொல்லி.

"ஒன் காதுல நான் இன்னும் அஞ்சுலதான் பாடிக்கினு கீறனா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவன் தேசம்மாவிடம் சிஸ்டரைக் கூப்பிடச் சொன்னான். சட்டைக் கையை அவனே மேலே சுருட்டிக்கொண்டான். இந்த ஊசி கையில் போடுகிறது இல்லை என்று நான் சொல்ல, அவன் சிரித்து, இருமி, திரும்பிப் படுத்தான். பொய் பிடிபட்டபிறகு எதற்காகச் சம்மதித்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவனுக்கும் காதில் சத்தம் வந்தது. வந்த அன்றே, "பொட்டிக்காரன் சுருதி வந்திச்சு சார்" என்று டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். அவர் ஊசியை இன்னும் தள்ளித் தள்ளிப் போட்டார். மாத்திரையை வைத்துக்கொண்டு சமாளித்தார். சத்தம் நின்றது. அவன் காதுக்கு ஒரு குறையும் வரவில்லை. நான் போகும்போதெல்லாம் எதிரே உட்காரவைத்து, தனக்குக் கேட்கிறதையெல்லாம் எனக்கு உதட்டால் சொல்வான். "துறைமுகத்துல சங்கு ஊதுறான். கடைசிப் பெட்டு ஆளு கொறட்ட வுடுறான், மூணு கட்ட. வெளிய ஒரு பொம்பள வாட்ச்மேனாண்ட சண்ட போடுறா, தாளம் தப்பாம திட்டுறா." அந்தச் சண்டையை நானே கேட்ட மாதிரி இருக்கும்.

நெஞ்சுதான் கேட்கவில்லை. சம்மதிக்க மறுத்துப் படுத்திருந்த வாரங்களில் நோய் இரண்டு பக்கமும் பரவியிருந்தது என்று டாக்டர் படத்தைக் காட்டினார். அந்த வாரங்களை நான் நினைத்துப் பார்க்காத நாள் இல்லை. நான் மட்டும் அந்தோணி சொன்னதைக் கேட்டு அன்றைக்கே வாய் திறந்திருந்தால், கன்னியப்பன் பயப்பட ஒரு செவிட்டுப் பெட்டிக்காரன் இருந்திருக்க மாட்டான்.

மழை ஆரம்பித்த பிறகு ஒரு காலை, நானும் தேசம்மாவும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனோம். நான் வாசலில் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு நின்றேன். தேசம்மா முன்னால் உள்ளே போனாள். நான் போகும்போது அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், கஞ்சிச் சொம்பு மூடின மூடியோடு தரையில் இருந்தது. சிஸ்டர் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தேசம்மா எழுந்து என் முகத்துக்கு நேரே வந்தாள்.

"பாடினாரு," என்றாள். "நான் உள்ள வர சொல்லோ பாடிக்கினு இருந்தாரு. பாடிக்கினே பூட்டாரு."

"எத்தினி கட்டை?" என்று கேட்டேன்.

கட்டைக் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியாது.

"எனுக்கு இன்னாய்யா தெரியும்," என்றாள். "மெதுவா பாடினாரு."